மடங்காத விரல்

திருப்பூர்
9 ஜனவரி 2025

அன்புள்ள யாழினி,

நீயும் பாப்பா தேஜஸ்ரீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேச ஆரம்பித்தாலே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. நீ உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகு ஒரு முறைகூட நாம் பேச்சை முழுதாக முடித்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

இடது கை நடுவிரல் அடியிலிருந்து நுனி வரை வீங்கி மொந்தன் வாழைக்காய் மாதிரி ஆகிவிட்டது. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை. சுடுதண்ணீரில் வைத்து எடுத்தால்தான் சட்டைப் பொத்தான் போட முடிகிறது. கம்பெனியில் யாருக்கும் தெரியாது. கட்டிங் மாஸ்டருக்குக் கை போனால் என்ன மிச்சம், சொல்.

நேற்று, துணியை அமுக்கிப் பிடிக்கிற கைக்குப் போடும் ஸ்டீல் கிளவுஸ் அந்த விரலில் ஏறவில்லை. வெறுங்கையோடு வெட்டினேன். வலது கையில் பிடி நழுவி மெஷின் திரும்பிவிட்டது. பிளேடு இடது கை நகத்தை உரசிக்கொண்டு போனது. ரத்தம் வரவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் ரத்தினசாமி பார்த்துவிட்டார். "ஏனுங்க மாஸ்டர், தூக்கமில்லீங்களா?" என்றார். "ஆமாங்க" என்று சொல்லித் தப்பித்தேன்.

முழங்கையில் இருந்த செதில் என்ன ஆயிற்று என்று கேட்பாய். அப்படியேதான் இருக்கிறது.

பாப்பாவுக்கு என் முத்தம்.

சுரேந்தர்


மடத்துக்குளம்
17 ஜனவரி 2025

மாமாவுக்கு,

பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் இன்னும் கிளம்பவில்லை. உங்கள் கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் நின்றுதான் படித்தேன். படித்ததும் கோபம்தான் வந்தது. கிளவுஸ் ஏறவில்லை என்றால் மெஷினை நிறுத்த வேண்டியதுதானே? அந்தச் செதிலை டாக்டரிடம் காட்டுங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சினேன்! முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தீர்கள். கேட்டால் கத்தினீர்கள். அந்தக் கத்தலில் பாப்பா மிரண்டு போனதால்தானே நான் இங்கே வந்தேன்?

என்னோடு வேலை பார்க்கும் மோனிஷா டீச்சரின் அண்ணனுக்கும் முதலில் தோலில் செதில், பிறகு விரலில் வீக்கம். கோயம்புத்தூரில் மூட்டு நோய்க்கென்றே இருக்கிற டாக்டரிடம் போனாராம். இதோடு ஒரு சீட்டில் முகவரி எழுதி வைத்திருக்கிறேன். எண்ணெய் போட்டு நீவுகிறவர்களிடம் போக வேண்டாம். டாக்டரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்காமல் எழுதினால் நான் பிரிக்க மாட்டேன்.

யாழினி


திருப்பூர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள யாழினி,

'டாக்டரைப் பார்த்தாயிற்று' என்று உறையின் மேலேயே எழுதியிருக்கிறேன். பிரித்திருப்பாய்.

நீ எழுதிய முகவரிக்குத்தான் கோயம்புத்தூர் போனேன். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண்மணி. என் இரண்டு கையையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு மூட்டாக அழுத்தினார். "இங்க வலிக்குதுங்களா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தன் இரண்டு விரல்களை நீட்டி, "எவ்வளவு பலமா முடியுதோ, புடிங்க" என்றார். பிடித்தேன். "இன்னும்" என்றார். "இவ்வளவுதானுங்க" என்றேன். அவர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

நகத்தில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவாம். நான் கவனித்ததே இல்லை. தலைமுடியை விலக்கிப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். "தோல்ல இருக்கறதும் மூட்டுல இருக்கறதும் ஒரே நோய்தானுங்க. சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்" என்றார். நடுவிரல் நுனி எலும்பு அரித்துப் போயிருக்கிறது. அது திரும்ப வராது. மற்ற விரல்களைக் காப்பாற்றலாம் என்கிறார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரை. தப்பித் தவறி தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்தாம். டப்பாமேல் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

"எப்பங்க சரியாகும்?" என்று கேட்டேன்.

"அடக்கி வெக்கலாமுங்க. இல்லாமயே பண்ண முடியாது."

ரத்தினசாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இப்போதைக்குக் கட்டிங் வேண்டாம், துணி விரிக்கிற இடத்தில் மேற்பார்வை பாருங்கள் என்றார். எவ்வளவு நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டாக்டரிடம் இன்னொன்றும் கேட்டேன், குழந்தைக்கு வருமா என்று. "சில குடும்பத்துல வருமுங்க. வந்தே தீரும்னு இல்லீங்க." திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பேச்சே காதில் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பூரை நெருங்கி, திருமுருகன்பூண்டி தாண்டியதுகூடத் தெரியவில்லை.

பாப்பாவின் தோலை ஒரு தடவை பார்த்துவிடு. இதை எழுதவே கை வரவில்லை.

சுரேந்தர்


மடத்துக்குளம்
8 பிப்ரவரி 2025

மாமா,

நீங்கள் சொல்வதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

தீபாவளியிலிருந்தே அவள் காதுக்குப் பின்னால் வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. "பொடுகு கண்ணு, எண்ணெ வெச்சா போயிரும்" என்றார் அம்மா. எனக்குத் தெரியும், அது பொடுகு இல்லை. உங்கள் முழங்கையைப் பார்த்த கண் இது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. காது மறையும்படி ஜடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினேன்.

மூன்று நாளைக்கு முன்பு ஷூ மாட்டும்போது கால்விரல் வலிக்கிறது என்று அழுதாள். பெரிய ஷூ வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஷூ பெருசாத்தான் இருக்குதும்மா, விரல்தான் பெருசாயிருச்சு" என்றாள். அன்றைக்குத்தான் உங்கள் கடிதமும் வந்தது.

இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. "அவன்கிட்ட இருந்து வந்துது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. பத்தொன்பதாம் தேதி அவளை அந்த டாக்டரிடம் காட்ட வேண்டும். முந்தின நாள் மாலையே நம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு என்ன என்று இப்போது கேட்காதீர்கள்.

யாழினி


திருப்பூர்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள யாழினி,

கேட்க மாட்டேன். பதினெட்டாம் தேதி மாலை பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

டாக்டரிடம் பேசிவிட்டேன். முதலில் என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நீ பக்கத்தில் உட்கார். என் விரல்களை அவர் ஒவ்வொன்றாக அழுத்துவதை அவள் பார்க்கட்டும். அதன் பிறகு அவள் காலை நீட்டச் சொல்லலாம்.

மாத்திரை இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கவில்லை. எனக்கு வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு "இல்லீங்க" என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் பயந்துவிடக் கூடாதே என்று. அப்புறம் யோசித்தேன். நான் மறைத்தால் அவளும் மறைப்பாள். வலிக்கிற இடத்தில் "வலிக்குதுங்க" என்று சத்தமாகவே சொல்லப்போகிறேன்.

பயம் போகவில்லை, யாழினி. எதிரில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும்போது குரல் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால், 'இவருக்கு வலிக்குதுங்க' என்று நீ சொல்லிவிடு.

சுரேந்தர்