கொட்டிலில் நாலு பேர்

மார்ச் 5, செவ்வாய்

கிளினிக்குக்கு இன்று ஒரு புதிய நோயாளி. கொட்வின், முப்பத்தொரு வயது, ஊர் மன்னார். இங்கே லண்டனில் ஒரு பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். கிறிஸ்மஸுக்கு முன்பிருந்தே இருமலாம். கடையில் சிரப் வாங்கிக் குடித்துச் சமாளித்திருக்கிறார். சளியைச் சோதித்ததில் காசநோய் என்று உறுதியாகிவிட்டது. ஆறு மாதம் மருந்து எடுக்க வேண்டும். தினமும் மாத்திரை விழுங்குவதைப் போனில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். அதற்குச் சம்மதித்தார்.

கூட இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டேன். அவர்களையும் சோதிக்க வேண்டும். இரண்டு பேரின் பெயர் சொன்னார். பிறகு சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். இத்தனை வருடம் தாதியாக இருந்து இது தெரியாதா?

மார்ச் 8

கொட்வினுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறதாம். பயந்துபோய்ப் போன் எடுத்தார். மருந்தின் நிறம் என்று விளக்கினேன்.

மார்ச் 14, வியாழன்

நாள் முழுக்கப் பயிற்சி வகுப்பு. திரையில் உலக வரைபடம். நோய் கூடிய நாடுகள் கருஞ்சிவப்பு, இங்கிலாந்து வெளிர் மஞ்சள். மருந்து வருவதற்கு முன்பே இங்கே காசநோய் குறையத் தொடங்கிவிட்டதாம், வீடும் சாப்பாடும் திருந்தியபோதே. மற்ற இடங்களில் அந்த இரண்டும் இன்னும் திருந்தவில்லை என்றார் பேராசிரியர். எல்லோரும் குறிப்பெடுத்தோம். மத்தியானம் சான்ட்விச் நிறைய மிஞ்சியது.

மார்ச் 19, செவ்வாய்

கொட்வின் இருக்கும் வீட்டுக்குப் போனேன். மனோர் பார்க், வரிசை வீடு. முன் அறையைப் பலகை அடித்து மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். யன்னல் ஒன்றும் திறக்காது. பகலில் ஒருவர் எழும்ப, இரவு வேலை முடிந்து வந்தவர் அதே மெத்தையில் படுக்கிறார். பின்னால் கார்டனில் ஒரு கொட்டில். அதற்குள் நாலு பேர். சுவர் முழுக்க ஈரம்.

எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, முன் கதவைச் சாவி போட்டுத் திறந்துகொண்டு பத்மநாதன் மாமா வந்தார். என் கணவர் முகுந்தின் தாய்மாமா. வீடு அவருடையதாம். எனக்குத் தெரியாது.

"இஞ்சை என்ன பிள்ளை செய்யிறீர்?"

வேலையாக வந்தேன் என்றேன். கழுத்தில் தொங்கிய காசநோய்ப் பிரிவு அட்டையைப் பார்த்துவிட்டார்.

"கசமே? ஆருக்கு?"

சொல்லக்கூடாது என்றேன். கொட்டிலைக் காட்டி, இது ஏன் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நான் வெளியிலை விட்டால் இவங்கள் றோட்டிலைதான் படுப்பாங்கள். விசா இல்லாதவனுக்கு ஆர் வீடு குடுக்கினம், சொல்லும்?"

நாலு பேர் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வெளியே வந்தேன்.

மார்ச் 20

மாமா முகுந்துக்குப் போன் எடுத்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் முகுந்த் மெதுவாகத்தான் சொன்னார்.

"என்னை லண்டனுக்குக் கூப்பிட்டது அவர். வந்த புதுசிலை நானும் அந்த வீட்டிலைதான் படுத்தனான்."

அப்போதும் கொட்டில் இருந்ததா என்று கேட்டேன். எழும்பிப் போய்த் தட்டைக் கழுவினார்.

மார்ச் 22

கிளினிக்கில் டொக்டர் ரஞ்சனாவிடம், அந்த வீட்டின் உரிமையாளர் எங்கள் சொந்தம் என்று சொல்லிவிட்டேன். மறைத்தால் பின்னால் பிரச்சினை. வீட்டின் நிலை பற்றி நகரசபைக் கவுன்சிலுக்கு அறிக்கை போகத்தான் வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீங்க எழுத வேணாம். நானே எழுதறேன்," என்றார். யார் எழுதுவது என்று திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 25

கொட்வின் வீடியோ அனுப்பவில்லை. போனும் எடுக்கவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

பின்னேரம் கொட்வின் வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் குளிர்பானப் பெட்டிகள். பெற்றோல் ஷெட்டின் ஸ்ரோர் அறை. ஞாயிறு இரவு மாமா வந்து, இருமுகிற ஆள் ஆரோ அவர் வெளிக்கிட வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். எல்லோரும் கொட்வினைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"மாத்திரையை எடுக்க மறந்துபோனன் அக்கா. உடுப்புப் பையைத்தான் எடுத்தனான்."

மன்னிப்புக் கேட்கிறார். என்னட்டை! ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டால், அவர் உங்கடை சொந்தக்காரர் எண்டு வீட்டிலை சொன்னவை, அதாலைதான், எண்டுறார். நான் என்ன செய்யிறது? நான் அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்தப் பெடியன் இண்டைக்கு ஒரு கட்டிலிலை படுத்திருப்பான். போகாமல் இருக்கவும் ஏலாது. இதுக்கு என்ன முடிவு?

மார்ச் 27

காலையில் கொட்வினுக்குப் புது மாத்திரை கொடுத்துவிட்டு, அறிக்கையை நானே எழுதினேன். கண்ணால் கண்டது நான். அனுப்பிவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்து முகுந்திடம் சொன்னேன். சரி என்றார்.

ஏப்ரல் 2

கிளினிக் மூலமாகக் கொட்வினுக்கு ஹொஸ்ரல் அறை கிடைத்தது. யன்னல் திறக்கிறது என்று வீடியோவில் திறந்து காட்டினார்.

ஏப்ரல் 18, வியாழன்

கவுன்சில் வீட்டை மூடிவிட்டது. நெஞ்சுப் படம் எடுக்கும் எக்ஸ்ரே வாகனம் தெருமுனையில் நாள் முழுக்க நின்றது. அந்த வீட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. வந்தவர்களில் ஒருவருக்கு நோய் இருக்கிறது, தொடக்க நிலை. கொட்டிலில் இருந்த நாலு பேரும் முதல் நாளே போய்விட்டார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் நினைத்தது இதையா?

ஜூன் 9, ஞாயிறு

முருகன் கோயிலில் பத்மநாதன் மாமாவின் மனைவி, மாமி, என்னைக் கண்டும் காணாததுபோல் போனார். முகுந்த் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதமாக வீட்டில் அளந்துதான் பேசுகிறோம்.

செப்டெம்பர் 6

கொட்வினின் மருந்து முடிந்தது. முகம் நிரம்பியிருக்கிறது. கொட்டிலில் இருந்தவர்களில் ஒருவரை வேலையிடத்தில் கண்டாராம். நாலு பேரும் மாமாவின் இன்னொரு வீட்டில்தான் இருக்கிறார்களாம். அங்கேயும் கார்டனில்தான். விலாசத்தைச் சொல்ல அந்த ஆளுக்குப் பயம். அவர்களில் ஒருவர் இருமுகிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கவுன்சிலுக்கு மின்னஞ்சல் எழுதினேன். விலாசம் இல்லாமல் தேட முடியாது என்று பின்னேரமே பதில் வந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

மாமா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. முகுந்தை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் சப்பாத்துப் போடும்போது சொன்னேன், கொட்டிலில் இருந்தவர்களில் ஒருவர் இருமுகிறாராம் என்று. விலாசத்தைக் கேட்டு வரச் சொல்லவில்லை. அவர் காரை எடுத்துக்கொண்டு போனார்.

இருட்டிய பிறகுதான் திரும்பினார். மாமி தந்த நண்டுக் கறியை மேசையில் வைத்தார். கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"இல்போர்ட்," என்றார். தெருப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னார். பிறகு, "நான் போய்ப் பாத்தனான். அஞ்சு பேர் இருக்கினம். நீர் வருவீர் எண்டு அவைக்குச் சொல்லிப்போட்டன்."

நான் வருவது மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"நான்தான் சொன்னனான்," என்றார்.

சோறு போட்டேன். இரண்டு பேரும் இருந்து சாப்பிட்டோம்.