இருநூற்று இருபத்தொரு டன்

மார்ச் 4, புதன்

இன்றும் தெரு அளக்கும் வேலை. சந்தை முனையில் டேப் பிடித்து நின்றதில் கழுத்தெல்லாம் எரிகிறது. டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றும் டிரெய்லருக்குப் பதினாறு சக்கர அச்சு வரிசை என்றால் அந்த முனையில் திரும்பிவிடும். பதினெட்டு என்றால் நீளம் கூடும். மருந்துக்கடைச் சுவரை இடித்துத் திரும்பக் கட்டித் தர வேண்டும், அனுமதிக்கே ஒரு மாதம். ஆனால் கால்வாய்ப் பாலம் ஒரு வரிசைக்குப் பதினெட்டு டன்னுக்கு மேல் ஏற்காது; எடை கூடினால் வரிசையும் கூட வேண்டும். ஆக, எல்லாம் சரக்கின் எடையில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரைச் செய்யும் தொழிற்சாலை அதை இன்னும் சொல்லவில்லை.

மாலையில் அறைத்தோழி வந்தாள். விடுதியை விட்டு இருபத்தேழு வருடமாகியும் இந்த நோட்டில் அவள் அறைத்தோழிதான். அந்தத் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு இப்போது அவள் தலைமை. என் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, விடுதியில் வைத்த பட்டப்பெயரில், “ஏய் சந்தேகம், பதினாறு எவ்வளவுதான்டி தாங்கும்?” என்றாள். டிரெய்லரின் சொந்த எடையைக் கழித்து வாய்க்கணக்காகவே சொன்னேன்: இருநூற்று இருபத்துநாலு.

“உன் மண்டைக்குள்ள கால்குலேட்டரை வெச்சுத் தெச்சுட்டாங்களா?”

ரொம்ப நாளுக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மார்ச் 9, திங்கள்

எடைக் கடிதம் வந்துவிட்டது. 221 டன், அவள் கையெழுத்து. பதினாறு போதும். சுவர் பிழைத்தது.

வேறு யாராக இருந்தாலும் எடைச்சீட்டு கேட்டிருப்பேன். அவளிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

தொழிற்சாலை முற்றம். பதினொரு மணிக்குச் சரக்கு டிரெய்லரில் உட்கார்ந்தது. டிரெய்லர் ஆபரேட்டர் குனிந்து அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மேடம், இது ராத்திரி எதையாவது தின்னுச்சா?”

சக்கரங்களுக்கு மேலே இருக்கும் எண்ணெயின் அழுத்தம் மேலே உள்ள பாரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மொத்தம் நாலு கேஜ். நாலிலும் கணக்கைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல். மூன்று முறை கணக்குப் போட்டேன். 246 டன். பாலத்தில் வரிசைக்குப் பத்தொன்பதுக்கு மேல் இறங்கும்.

வெள்ளை ஹெல்மெட்டோடு பக்கத்தில் நின்ற அறைத்தோழி சொன்னாள், “கேஜ் பழசா இருக்கும்டி.”

“நாலும் சேர்ந்தா பழசாகும், மேடம்?” என்றார் ஆபரேட்டர்.

என்னைப் பீப்பாய்களுக்குப் பின்னால் இழுத்துப்போனாள். “புது டிசைன்ல இரும்பு கூடிப்போச்சு. நாளைக்கு இது கிளம்பியாகணும். பாலம் கட்டினவங்க கொஞ்சம் கையில வெச்சுத்தானே சொல்லியிருப்பாங்க?”

“எப்ப இருந்து தெரியும்?”

“சொன்னா நீ பதினெட்டுன்னு நின்னு ஒரு மாசம் இழுத்திருப்பே. என் பதவி போயிருக்கும்.”

“பாலத்து மேல வண்டி பக்கத்துல நடக்கப்போறவர் அதோ நிக்கறார். அவர்கிட்ட சொல்லு.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டி வெளியே போகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே நாள், மாலை

நோட்டைப் பின்னால் புரட்டினேன். மார்ச் 4. முதலில் கேட்டிருக்கிறாள், பிறகுதான் எடையை எழுதியிருக்கிறாள். அதுவும் 224 என்று எழுதாமல் — சரியாக எல்லையில் நின்றால் எனக்கு உறுத்தும் என்று தெரிந்து — மூன்று டன் குறைத்து. என்னை எவ்வளவு நன்றாகத் தெரியும் அவளுக்கு! பொய்க்கு அளவெடுத்துக் கொடுத்தவளே நான்தான். என் கட்டிலில் படுத்துக்கிட்டு, என் டீயைக் குடிச்சுக்கிட்டு — எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு?

ஏப்ரல் 17, வெள்ளி

எங்கள் டிரெய்லர் கம்பெனி முதலாளிக்குத் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது: “டிரெய்லர் தேர்வில் தங்கள் பொறியாளர் செய்த பிழையால் தாமதம்.” அவளே எழுதியது. தங்கள் பொறியாளர்!

“உங்க ஃப்ரெண்டாச்சே, பேசித் தீர்த்துக்கக் கூடாதா?” என்றார் முதலாளி. கேஜ் கணக்கை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

பாலத் துறைக்குப் பதினெட்டு வரிசையோடு புது விண்ணப்பம். “மாற்றத்துக்குக் காரணம்” — ஒரே ஒரு வரிக்கு இடம். “மறுகணக்கீடு” என்று எழுதினால் அவள் தப்பிவிடுவாள். பிழை என் தலையோடு போகும். காலை முழுவதும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெண் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும்.

எழுதினேன்: “தொழிற்சாலை தந்த எடை உண்மையல்ல. எடைச்சீட்டு கேட்காதது என் பிழை.” இரண்டு வரியாகிவிட்டது.

ஏப்ரல் 28

அவளைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்களாம். பசிக்கவில்லை.

மே 29, வெள்ளி

பாலம் தாண்டியாயிற்று. நடுவில் நாலு மில்லிமீட்டர் இறங்கி, நாலும் மீண்டது.

துணைமின்நிலைய வாசலில் நுழைவுப் படிவம். அவசரத்துக்கு யாரை அழைப்பது? இருபது வருடமாக எழுதும் எண்ணில் நாலு இலக்கம் வரை கை தானாகவே போய்விட்டது. அடித்துவிட்டு அலுவலக எண்ணைப் போட்டேன்.

காவலாளி உற்றுப் பார்த்தார். “உறவுன்னு ஒரு கட்டம் இருக்கேம்மா?”

“ஆபீஸ்.”

“ஆபீஸ் எப்படிம்மா உறவாகும்? சொந்தக்காரங்க, சிநேகிதங்க, யாருமே இல்லியா?”

பின்னால் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஆபரேட்டர் நடந்து வந்தார். “என் நம்பரைப் போடுங்க. இங்க இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது நான் வண்டிய விட்டு ஏத்தினதாத்தான் இருக்கும்.”

காவலாளி சிரிக்கவில்லை. உறவு என்ற கட்டத்தில் ‘ஆபரேட்டர்’ என்று எழுதிக்கொண்டு கதவைத் திறந்தார்.