நீ வாபஸ் வாங்கிய மனு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உன் பீரோவைத் திறந்தேன், அக்கா. கல்லூரிக்கு நீ கட்டிப்போன புடவைகளில் கஞ்சி வாசனை இன்னும் இருந்தது. எதையும் எடுக்கவில்லை. வெளியே கோயில் ஒலிபெருக்கி அலறியது: சாயந்திரம் ஊர்க்கூட்டம், வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும்.

எதற்கென்று உனக்குத் தெரியும். பஞ்சாயத்துத் தலைவர் யாரென்று நிலக்காரர்கள் முன்பே பேசி முடித்துவிட்டார்கள். போன முறை போலவே பதவி நம் காலனிப் பெண்களுக்கு ஒதுக்கீடு. தங்கள் டிராக்டர் ஓட்டுபவரின் மனைவியை நிறுத்துகிறார்கள். எதிர்த்து மனு போட மாட்டோம் என்று மற்றவர்கள் கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்ய வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீ அரசியல் அறிவியல் நடத்தினாய். ஆண்டுதோறும் மாணவர்களை உத்திரமேரூர் கல்வெட்டு மண்டபத்துக்கு அழைத்துப் போவாய். ஒருமுறை நானும் கூட வந்தேன். "மேடம், குடத்துல ஓலய போட்டா கள்ள ஓட்டு எப்பிடிப் போடறது?" என்றான் ஒருவன். முதலில் சிரித்தது நீதான். பிறகு, "இதுல நிலம் இல்லாதவன் எங்க இருக்கான், தேடிச் சொல்லுங்க" என்றாய். சுவர் சுவராகத் தேடினார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, போன தேர்தலில் நீயே மனு போட்டாய். மறுநாளே நம் தெருக் கஸ்தூரி நடவுப் பெண்களோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"யக்கா, ஒனக்குப் பென்ஷன் வருது. நீ நின்னா எங்களுக்கு நடவு இல்லன்றாங்க. நாங்க இன்னா பண்றது?"

நீ தேர்தல் சட்டத்தை எடுத்துச் சொன்னாய்.

"சட்டமா வந்து எங்கள நடவுக்குக் கூப்புடப் போவுது?" என்று அழுதாள்.

வாபஸ் வாங்கிவிட்டுப் பேருந்தில் திரும்பும்போது என் கையைப் பிடித்திருந்தாய். "நான் நடத்தின பாடத்துல இது இல்லவே இல்லடி" என்றாய். அதன் பிறகு, பரீட்சைக்குச் சந்தேகம் கேட்டு வந்த பிள்ளைகளைக்கூடத் திருப்பி அனுப்பினாய். போன ஐப்பசியில் நீயும் போய்விட்டாய்.

நேற்று கஸ்தூரி மறுபடி வந்தாள்.

"பாப்பா, ஊருக்குள்ள ஒம்பேரு அடிபடுது. மனு கினு போட்டு பேஜார் பண்ணிடாத."

"அக்காவ அழ வச்சது போதாதா?"

"அது இன்னும் நெஞ்ச அறுத்துக்கினுதான் கீது. அதுக்காக வவுறு சும்மா இருக்குதா, சொல்லு?"

வாலாஜாபாத் அரிசி ஆலையில் நான் பார்க்கும் வேலையும் நிலக்காரர்களின் நெல்லை நம்பித்தான் இருக்கிறது. அவளுக்கு நடவு போகலாம், எனக்கு வேலை போகலாம். இரவெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பேச்செல்லாம் பாதி மறந்துவிட்டது. அந்தப் பேருந்தில் பிடித்திருந்த கை மட்டும் விடவில்லை.

சாயந்திரம் கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்யப் போகமாட்டேன்; நாளை மனு போடுகிறேன். முன்மொழிய நம் தம்பியைக் கேட்பேன்; கம்பெனி வேலைக்குப் போகிறவன், இந்த வயல்களை நம்பி இல்லாதவன். மனு போட்ட கையோடு திருப்புட்குழியில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போய்விடுவேன். வாபஸ் நாள் முடிந்த பிறகுதான் ஊருக்குள் கால் வைப்பேன். கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து அழுதால் நானும் வாபஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன், அக்கா. தம்பியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.