கேரட் நறுக்கும் கைகள்

தாஷ்கண்ட்,
12 அக்டோபர் 1997

அன்புள்ள என் கணவருக்கு,

அக்கா வீட்டில் எனக்கென்று ஒரு மூலை இருக்கிறது, பிரசவ ஆஸ்பத்திரியில் வேலையும் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் டிப்போ வேலையை விட்டுவிட்டுக் கத்திப் பட்டறையே கதி என்று உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மார்ச்சில் வரும் நவ்ரூஸ் பண்டிகை வரை பார்ப்பேன். கத்தி சோறு போட்டால் நம் ஊர் சுஸ்துக்குத் திரும்புகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் இங்கே வந்து ஏதாவது வேலையில் சேர வேண்டும்.

நீங்கள் அனுப்பிய மயில் கத்தியை, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் புலாவுக்குக் கேரட் நறுக்கக் கொண்டுபோனேன். நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். புலாவ் சமைக்கும் ஹோஷிம் அண்ணன், “இது சுவத்துல மாட்டுறதும்மா. கேரட்டுக்கு வேற ஏதாச்சும் எடு” என்று சொல்லிவிட்டார். முகம் எரிந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. கால் கூடை நறுக்குவதற்குள் கைப்பிடியில் இருந்த பித்தளை மயில் வேலைப்பாடு என் விரலை அறுத்துவிட்டது.

மவ்லூதா

சுஸ்த்,
26 அக்டோபர்

மவ்லூதாவுக்கு,

ஒன்பது நாள் உட்கார்ந்து செய்த கத்தி. அதில் போய்க் கேரட்டா? சமையல்காரருக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும்?

இந்த மாதம் இரண்டு விற்றது. ஒன்று ஒரு மாப்பிள்ளைக்கு, ஒன்று வெளிநாட்டுக்காரருக்கு. டிப்போ மேனேஜர் தெருவில் பார்த்து, “என்னப்பா, மயில் முட்டை போட்டுச்சா?” என்கிறான். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

விரல் ஆறிவிட்டதா?

சிரோஜித்தீன்

பின்குறிப்பு: அந்தச் சமையல்காரர் கை எவ்வளவு பெரிசு?

தாஷ்கண்ட்,
9 நவம்பர்

அன்புள்ளவருக்கு,

விரல் ஆறிவிட்டது. நீங்கள் கேட்டதில் பாதிக் கோபமும் ஆறிவிட்டது.

ஹோஷிம் அண்ணன் கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரல் கோணல் என் தப்பில்லை. கொதிக்கிற எண்ணெய் பட்டு மடங்கிப்போனது. நறுக்குகிற கேரட் முப்பது கிலோ தாண்டினால் அங்கேதான் வலிக்குமாம். “வலிக்காத கத்தி ஒண்ணு செஞ்சு குடுக்கட்டும், ஊரெல்லாம் சொல்றேன்” என்கிறார்.

மவ்லூதா

சுஸ்த்,
2 மார்ச் 1998

அன்புள்ள மவ்லூதா,

சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மயிலை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கேரட்டை நம்பி நடத்தலாம்.

ஹோஷிம் அண்ணனுக்கு நான்கு தடவை கைப்பிடியை மாற்றினேன். அதன் பிறகுதான், “இப்பதான் வலியே தெரியல” என்று சொல்லி அனுப்பினார். இப்போது பதினேழு சமையல்காரர்களின் கை பட்டறைச் சுவரில் தொங்குகிறது, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. கொடுத்த கத்திகள் சாணை பிடிக்கத் திரும்பி வருகின்றன. வீட்டுக்கு மாவு மூட்டையாக வாங்குகிறேன். ஆனால் மூன்று மாதமாக ஒரு மயில்கூடச் செதுக்கவில்லை. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

டிப்போ வேலையை விட்டபோது உன்னைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். வருகிறாயா?

உன் சிரோஜித்தீன்

தாஷ்கண்ட்,
11 மார்ச்

அன்புள்ள என் கணவருக்கு,

வேலையை விடுவதாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். அடுப்படியைக் கொஞ்சம் கழுவி வையுங்கள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் எனக்கு ஆறு கத்தி செய்து தந்தீர்கள். ஒருமுறைகூட என் கை அளவைக் கேட்டதில்லை. இத்துடன் வரைந்து வைத்திருக்கிறேன். சமையல்காரர்களோடு சேர்த்து மாட்டிவிடாதீர்கள்.

என் கத்தியில் மயில் இருக்கட்டும். விரல் படாத இடமாகப் பார்த்துச் செதுக்குங்கள்.

உங்கள் மவ்லூதா