கோமதி போடாத அப்டேட்

என் கண்ணான கோமதிக்கு,

போன வாரம் நீ ஓர் அப்டேட் போட்டிருக்கிறாய். நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

எங்கள் கம்பெனி போன் நீ பார்த்த நிலையில்தான் இன்னும் இருக்கிறது. ஆப்கள் இல்லை என்று ஜனங்கள் வாங்குவதில்லை. வாங்க ஆளில்லை என்று யாரும் ஆப் எழுதித் தருவதில்லை. எழுதுகிறவர்களைக் கெஞ்சிக் கூட்டிவருவதுதான் இன்றைக்கும் என் வேலை. தம்பி பெண்டாட்டி என்றுகூடப் பார்க்காமல் முதலில் உன் தலையில்தான் கட்டினேன். ஆப் எழுத நான் தந்த இலவச போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாயே.

“சும்மாவா குடுப்பாவ, மதினி? இதுல என்னமோ சங்கதி இருக்கு.”

ஆனாலும் எழுதினாய். வங்காளத்து துர்கா பூஜைப் பந்தல் பார்க்கப் போகும் பெண்களுக்குப் பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று சொல்லும் ஆப். நேரில் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்காமல் ஒன்றைக்கூடச் சேர்க்க மாட்டாய். அப்டேட்டுக்கு அப்டேட் ஒரு குறிப்பு வேறு: ‘காளிகாட் சந்தில் இருப்பதற்குத் தாழ்ப்பாள் இல்லை. ரூமா தீதி சொன்னார். எடுத்துவிட்டேன்.’

போன வாரக் குறிப்பில் ‘சில குறைகள் சரிசெய்யப்பட்டன’ என்று மட்டும் இருந்தது. நீ அப்படி எழுதுகிறவளா? கரியாஹாட்டில் இறங்கிப் பார்த்தேன். திறந்திருக்கிறது என்று ஆப் பச்சை காட்டிய இடத்தில் பூட்டுத் தொங்கியது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி போனைப் பார்ப்பதும் பூட்டைப் பார்ப்பதுமாக நின்றாள்.

யாரைத்தான் நான் சந்தேகப்படவில்லை? உன் லேப்டாப்பை வைத்திருக்கும் என் தம்பியைக்கூட விடவில்லை. “அத நான் இன்னும் தொறக்கவே இல்லக்கா. முடியல” என்றான். என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது?

கடைசியில் எங்கள் மேனேஜர் அனிமேஷைப் பிடித்தேன்; உன் பெயரில் போட்டது அவன்தான். நம் ஆப் ஸ்டோர் உயிரோடு இருப்பதாகத் தெரிய வேண்டாமா தீதி, பழசாகக் கிடந்தால் புது ஆட்கள் எப்படி வருவார்கள் என்று வங்காளத்தில் சிரித்துக்கொண்டே கேட்டான். உன் கணக்கின் பாஸ்வேர்ட் ஆபீஸ் பொது ஃபோல்டரில்தானே இருந்தது என்றும் சொன்னான்.

அதை அங்கே போட்டது யார், கோமதி? நான். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மூடிக் கெடக்கத மட்டும் எடுத்துருங்க மதினி” என்று நீ சொல்லித் தந்தது. மறந்துவிடுவேனோ என்று பயந்து அங்கே பத்திரப்படுத்தினேன். அப்புறம் ஒருநாளாவது நீ சொன்னதைச் செய்தேனா? ஊரையே சந்தேகப்பட்டவளுக்குத் தன்மேல் சந்தேகம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இன்று பாஸ்வேர்டை மாற்றி, ஆப்பை ஸ்டோரிலிருந்து இறக்கிவிட்டேன். நாளை ஜாதவ்பூரில் மாணவர்களுக்கு உன் ஆப்பைக் காட்டி, எங்களுக்கும் எழுதுங்கள் என்று நான் அழைக்க வேண்டும். உன் குறிப்பையும் எங்கள் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப்போகிறேன். இரண்டாவது வந்தபோது இவள் உயிரோடு இல்லை என்றும் சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

பூஜைக்குள் உன் ஆப் திரும்பி வரும். அதிலுள்ள ஒவ்வொரு தாழ்ப்பாளையும் நானே போட்டுப் பார்த்திருப்பேன். குறிப்பின் கீழே என் பெயர்தான் இருக்கும்.

எல்லோரையும் சந்தேகப்பட்ட நீ நம்பிய ஒரே ஆள்,
உன் மதினி
சுப்புலட்சுமி