வாசமில்லாத மருந்து

அண்ணா, இன்று காலை கத்திரிக்கு அடிக்கப் புது மருந்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். பழக்கதோஷம், முதலில் முகர்ந்துதான் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. உங்கள் நினைவு வந்து, வாளியை வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டத்துக்குப் பன்னிரண்டு வருஷம் நீங்கள்தான் மருந்து அடித்தீர்கள். முதுகில் டேங்க், வாயைச் சுற்றித் துண்டு. நான் சமையலறை ஜன்னலை விட்டு நகராமலேயே மேற்பார்வை பார்ப்பேன். மருந்து வாடை அடுப்படி வரை வந்தால் சரியாக அடிக்கிறீர்கள் என்று அர்த்தம். வராவிட்டால் குரல் கொடுப்பேன். "ஏனுங்ணா, வாசமே வரலீங்களே. இன்னொரு மூடி ஊத்துங்க." பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு. நீங்களும் மறுபேச்சில்லாமல் ஊற்றுவீர்கள்.

ஒரே ஒருமுறைதான் கேட்டீர்கள். இன்று நான் பிரித்த இதே வாசமில்லாத மருந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தீர்கள். "புழு தின்னாத்தான் வேலை செய்யுமாமுங்க அம்மணி. மத்த பூச்சிய ஒண்ணும் பண்ணாதாமா. அப்புறம் மண்ணோட மக்கிப் போயிருமாங்க. நாலு பாத்திக்கு மட்டும் அடிச்சுப் பாக்கலாமுங்களா?"

"வாசமில்லாததெல்லாம் ஒரு மருந்துங்களாண்ணா?" என்று சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பழைய மருந்தையே கலக்கப் போனீர்கள். செடிக்காக இல்லை, உங்களுக்காகத்தான் கேட்டீர்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த ஆடிக்குள் போய்விட்டீர்கள். நுரையீரல் என்றார்கள். எதனால் என்று டாக்டர் சொல்லவில்லையாம். நானும் கேட்டுக்கொள்ளவில்லை, பயம். துக்கம் விசாரிக்க நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தோட்டத்துக்கு வாரப்ப மட்டும் ரெண்டு துண்டு எடுத்துக்குவாருங்க அம்மணி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் எழுந்து டேங்க்கை நானே மாட்டிக்கொண்டேன். அறுந்த வாரில் நீங்கள் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது, தோளில் உறுத்துகிறது. அவிழ்க்க மனம் வரவில்லை. தோட்டம் முழுக்க அடித்து முடித்து நிமிர்ந்தேன். துண்டு கட்டியிருந்தேன், இருமல் வரவில்லை.

நாலு பாத்திக்குத்தானே கேட்டீர்கள், அண்ணா.