செராத்தி எது, நாட்டு வாத்து எது

786
லாயாங் லாயாங்
ரஜப் பிறை 9

அன்பு மவ ஆரிஃபாவுக்கு வாப்பா சொல்ற சலாம். இங்க நானும் உம்மாவும் அல்லா காவல்ல சுகமா இருக்கோம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. நாகப்பட்டணத்துல நீயும் மாப்பிள்ளை யஹ்யாவும் உன் மாமியாரும் நல்லா இருக்கணும், மாமியாரைக் கடைசியில போட்டேன்னு அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டிராதே.

உன் கடுதாசி வந்ததுலேர்ந்து எனக்குத் தலை சுத்துது புள்ளே. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாங்கின ரெண்டு வாத்துக் குஞ்சுல ஒண்ணு செராத்தி வாத்து, ஒண்ணு நாட்டு வாத்துன்னு உம்மா உனக்கு எழுதிப்புட்டா. நீயும் போன தடவ மாதிரி ஆகாம இந்தப் புள்ளையாவது நல்லபடியாப் பொறந்தா அந்தச் செராத்தியை அறுத்து ஏழைங்களுக்கு ஆக்கிப் போடறேன்னு நேந்துக்கிட்டே. சந்தோஷம். ஆனா ரெண்டும் வெள்ளை, ரெண்டும் ஒரே தட்டுல திங்குது, எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும். பள்ளிவாசல் லெப்பைகிட்ட கேட்டா நேந்தது எதுவோ அதுவேதான் வேணும், பதிலுக்கு வேற ஆகாதுங்கிறார். செராத்திக்கு மூஞ்சி சிவப்பா இருக்கும்னு உம்மா சொன்னா. பார்த்தேன், ஒண்ணுக்கு நல்லா சிவப்பாத்தான் இருந்துச்சு, சரி இதுதான் நம்ம நேர்ச்சைன்னு அதுக்குத் தவிடும் நொய்யும் கூடவே போட்டு மருமவன் மாதிரி வளர்த்தேன்.

போன வாரம் செடெனாக்குலேர்ந்து உன் மாமா ரயில்ல வந்தாரு. வந்தவருக்குக் கறி ஆக்கணுமே, சிவப்பு மூஞ்சியை விட்டுட்டு மத்ததைப் பிடிச்சுக் கத்தியோட உக்காந்துட்டேன். அது கத்தவே இல்ல ஆரிஃபா. வாயைத் தொறந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் சாலே வேலிக்கு மேல எட்டிப் பாத்துட்டு, அலமாக், நைனா, இதுதான் செராத்தி லா, செராத்தி கத்தாது, கத்தறதெல்லாம் நாட்டு வாத்துதான்னு சொன்னாரு. அப்போ அந்தச் சிவப்பு மூஞ்சி என்னன்னு நான் சண்டைக்குப் போனேன். அவரு அதைத் தூக்கிட்டுப் போயி கிணத்தடியில மூஞ்சியைக் கழுவினாரு. சிவப்புத் தண்ணியா ஓடுது. அந்தக் கழுதை தினமும் நான் வெத்தலை துப்புற படிக்கத்துல தலையை விட்டுக் கெளறியிருக்கு. நேர்ச்சைன்னு நான் தவிடு போட்டது என் வெத்தலை எச்சிலுக்கு. உம்மா சிரிச்ச சிரிப்புல கடைக்கு வந்தவங்க தேத்தண்ணியைக் கீழே ஊத்திட்டாங்க, மாமா வெறும் பருப்பாணம் ஊத்திச் சோத்தைத் தின்னுட்டு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போனாரு.

இதோட முடிஞ்சுதுன்னு பாக்காதே. கையை விட்டதும் செராத்தி ஓடிப்போயி வெறகுக் கட்டுக்குப் பின்னால பூந்துச்சு. குனிஞ்சு பாத்தா பதினோரு முட்டை, அதும்மேல போயி உக்காந்துக்கிச்சு. நாட்டு வாத்து முட்டையைப் போற வழியில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிரும், இது அடை உக்காந்தா முப்பத்தஞ்சு நாளும் எந்திரிக்காதுன்னு பாக் சாலே சொல்றாரு. என் கண்ணு சரியாத் தெரிஞ்சிருந்தா அதோட கண்ணைச் சுத்தி உள்ள சிவப்பும் தெரிஞ்சிருக்கும், கொஞ்சூண்டு, மொளகா விதை அளவு. எனக்கு யாரு கண்ணாடி போட்டு விட்டா. குஞ்சு பொரிச்சு நடக்கட்டும், அதுவரைக்கும் அறுக்க வேணாம்னு லெப்பையும் சொல்லிட்டாரு. இன்னும் இருவத்தஞ்சு நாள் இருக்கும், உன் கணக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்னு உம்மா விரலை மடக்குறா. ரெண்டு பேரும் போட்டி போடுறீங்களா என்ன. அதும் உன்ன மாதிரிதான், கூப்புட்டா திரும்பாது, கிட்ட போனா புஸ்ஸுங்குது.

நான் இப்பல்லாம் கடையை உம்மாகிட்ட விட்டுட்டு வெறகுக் கட்டுகிட்டதான் உக்காந்திருக்கேன். அஞ்சு வேளையும் உனக்காகத்தான் கேக்குறேன், நீ நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும்னு. கேட்டுட்டு வந்து இங்க உக்காந்தா அது தலையைச் சாய்ச்சு என்னைப் பாக்குது. நான் கேட்டது நடந்தா அதுக்கு என்ன ஆகும்னு அதுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுது. ரெண்டு வாத்தையும் பிரிச்சு அறிஞ்சப்புறம்தான் எனக்குக் குழப்பம் கூடிப்போச்சு புள்ளே. அதப்பத்தி நீ வெசனப்படாதே. நீ நல்லா சாப்பிடு, படி ஏறி எறங்காதே, வெளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னா குடிச்சுரு. நீ பெத்துப் பொழைச்சு வா, வாத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.

அல்லா உனக்கு ஈமானையும் ஆயுசையும் லேசான பேறையும் தரட்டும். புள்ளை பொறந்ததும் தந்தி அடிக்கச் சொல்லு மாப்பிள்ளைகிட்ட. ஆணா பொண்ணான்னு அதுல போட மறந்துராதீங்க, அதுலயும் என்னைக் கொழப்பிராதீங்க.

இப்படிக்கு
படிக்கத்தை ஒசரத்துல தூக்கி வச்சிருக்கிற
உன் வாப்பா
நைனா முகம்மது